வலியும் அதன் ஆளுகையும்: முழங்காற் சத்திரசிகிச்சைக்குப் பின்னான அபினிவகை மருந்து முறைகள் - ஊவாப் பெருந்தோட்ட மக்களை முன்னிறுத்திய ஒப்புநோக்கு

சத்திரசிகிச்சை முடிந்த நோயாளியின் வலியை எவ்வாறு தணிப்பது என்னும் வினா மருத்துவருக்கே உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. மருந்தின் பெயர், அதன் அளவு, அது உடலிற் புகும் வழி ஆகியன மருந்தியலாரின் ஆய்வுப்பொருள்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், அம்மருந்து எவர் கையில் இருக்கின்றது, எவர் கேட்டால் கிடைக்கின்றது, எம்மொழியிற் கேட்டால் கிடைக்கின்றது, கேட்கத் தெரியாதவருக்கு என்ன நேர்கின்றது என்னும் வினாக்கள் சமூக ஆய்வைச் சார்ந்தவை. ஓரளவுக்கு இலக்கிய மாணவரையும் சார்ந்தவை. வலியை அளக்கும் கருவி இன்றுவரை நோயாளியின் வாய்ச்சொல்லேயாதலின், சொல்லை ஆராய்வோர் இவ்விடயத்திற் புறத்தே நிற்றல் இயலாது.

இக்கட்டுரையில் முழங்காற் சத்திரசிகிச்சையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மோர்பீன் முதலிய அபினிவகை மருந்துகளை வழங்கும் முறைகளை ஒப்பிட்டு நோக்க முற்படுகின்றோம். ஒப்பீட்டின் களமாக நாம் கொள்வது பதுளையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களுமாகும். ஒரு முறை நல்லதா தீயதா என்பதனை மருந்தின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அம்முறை வந்து சேரும் விடுதியின் நிலை, தாதியரின் எண்ணிக்கை, நோயாளியின் உடல், அவர் திரும்பிச் செல்லவிருக்கும் லயத்தின் படிக்கட்டு ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதே எமது வாதமாகும்.

1. தேயிலையும் அபினியும்

தேயிலையும் அபினியும் ஒரே வாணிபச் சங்கிலியின் இரு கண்ணிகள் என்பதனை முதற்கண் நினைவுகூரல் தகும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரித்தானியர் சீனத்துத் தேயிலையைப் பெருமளவிற் கொள்வனவு செய்தனர். அதற்கு ஈடாக வெள்ளியை இழக்க விரும்பாத கிழக்கிந்தியக் கம்பனி, வங்காளத்திலும் பீகாரிலும் தன் ஏகபோகத்தில் விளைவித்த அபினியைச் சீனச் சந்தைக்குட் செலுத்தியது. 1839இல் தொடங்கிய முதலாம் அபினிப் போர் இவ்வாணிபத்தின் விளைவாகும். கார்ல் மார்க்சு 1858இல் நியூயோர்க் நாளேடொன்றில் எழுதிய கட்டுரைகளில் இவ்வாணிபத்தைத் தனியாக ஆராய்ந்துள்ளார். சீனத்தை நம்பியிராது தேயிலையைத் தம் குடியேற்றங்களிலேயே விளைவிக்கும் முயற்சி முதலில் அசாமில் வேரூன்றியது. இலங்கையில் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இற் பரவத் தொடங்கிய கோப்பி இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது தேயிலை மலைநாட்டை ஆட்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிற் காலூன்றினார். 1924இற் புகையிரதம் பதுளையை எட்டியது.

இதே காலத்தில் அபினி ஐரோப்பிய மருத்துவத்தில் வேறொரு வடிவம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மானிய மருந்தாளர் சேர்ட்டூர்ணர் அபினியிலிருந்து மோர்பீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் மேர்க் நிறுவனம் அதனை விற்பனைக்கு உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1850களில் உட்டுளையுள்ள ஊசி வழக்கிற்கு வந்தபின், அளந்த மருந்தை நேரே உடலினுட் செலுத்துதல் கைகூடிற்று. மதத்தை மார்க்சு அபினிக்கு ஒப்பிட்ட 1844இல், அபினி ஐரோப்பிய வீடுகளில் அன்றாட வலிநிவாரணியாக இருந்தது. அவ்வுவமையில் மயக்கத்தோடு ஆறுதலும் அடங்கியுள்ளது என்பதனைப் பலர் மறந்துவிடுவர். தேயிலைக்கு விலையாக அபினி கொடுக்கப்பட்ட உலகிலேயே, தேயிலை கொய்து தேய்ந்த முழங்காலுக்கு அபினியின் சாரம் கிடைக்குமா என்னும் வினா எழுகின்றது. இதில் வரலாற்றின் முரண் ஒன்று பொதிந்துள்ளது.

2. முழங்காலும் உழைப்பும்

முழங்கால் மூட்டுத் தேய்வு முதுமை, பெண்பால், உடற்பருமன், பழைய காயம் ஆகியவற்றோடு தொடர்புடையது. குந்துதல், ஏறுதல், சுமைதூக்கல் ஆகியவற்றை நெடுங்காலம் செய்யும் தொழில்களும் அதனை விரைவுபடுத்துகின்றன என்பது தொழில்சார் மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மையாகும். நமுனுகுலைச் சாரலிலும் மடுல்சீமை, அப்புத்தளை, கொஸ்லந்தைச் சரிவுகளிலும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாள் இம்மூன்று அசைவுகளாலும் ஆனது. மழைக்காலத்தில் வழுக்கும் மலைப்பாதையும் கான்களும் எலும்பு முறிவுக்கு இடமளிக்கின்றன.

முழங்காலில் செய்யப்படும் சத்திரசிகிச்சைகள், அவற்றுள்ளும் முழு மூட்டு மாற்றீடு, மிகுந்த வலி தருவன. முதல் இரண்டு மூன்று நாட்களில் அவ்வலி உச்சநிலையில் இருக்கும். நோயாளி காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யவேண்டியதும் அந்நாட்களிலேதான். வலிக்கு அஞ்சிக் காலை அசையாது வைத்திருப்பவரின் மூட்டு இறுகிவிடும். நாளங்களில் குருதி உறையும் ஆபத்தும் கூடும். எனவே, இங்கு வலிநிவாரணம் என்பது நோயாளியின் மனத்தை மகிழ்விக்கும் சலுகையன்று. சத்திரசிகிச்சையின் பலனே அதிற் பெரிதும் தங்கியுள்ளது.

தோட்டத் தொழிலாளிக்கு இதன் பொருள் இன்னும் கூர்மையானது. அவரது சம்பளம் நாட்சம்பளம். செக்ரோலில் பேர் விழாத நாள் கூலியற்ற நாள்; கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மடங்காத முழங்காலோடு மலை ஏற இயலாது. குந்தி அமரும் மலசலகூடத்தைப் பயன்படுத்தவும் இயலாது. லயத்துப் படியிறங்கிக் குழாயடியிலிருந்து நீர் கொணரவும் இயலாது. உழைப்புச் சக்தியையன்றி விற்பதற்கு வேறொன்றும் இல்லாத வர்க்கத்திற்கு, மூட்டு மடங்கும் பாகை வாழ்வின் அளவாகும்.

3. வழங்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

அபினிவகை மருந்துகள் மூளையிலும் முண்ணாணிலும் உள்ள அபினி வாங்கிகளோடு இணைந்து வலிச்செய்தியைத் தணிக்கின்றன. அவ்வாங்கிகள் 1973இல் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்டன. எவ்வழியாற் சென்றாலும் மருந்து சேருமிடம் ஏறத்தாழ ஒன்றே. ஆயின், சேரும் வேகமும், நிலைக்கும் காலமும், கண்காணிப்பின் தேவையும் வழிக்கு வழி வேறுபடுகின்றன.

(அ) வாய்வழி. மோர்பீனை விழுங்கினால் அதன் பெரும்பகுதியை ஈரல் முதற்சுற்றிலேயே சிதைத்துவிடுகின்றது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே குருதியோட்டத்தை அடைகின்றது. எனவே ஊசியளவிலும் மூன்று மடங்கு கொடுத்தல் மரபு. பயன் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் செல்லும். நான்கு மணி நேரம் நிலைக்கும். வாந்தியெடுக்கும் நோயாளிக்கு முதற்சில மணி நேரம் இவ்வழி பொருந்தாது. ஆயின், ஊசியோ இயந்திரமோ தேவையற்ற மலிவான வழி இதுவே. உண்ணத் தொடங்கிய நோயாளிக்கு இதனையே முதல் வழியாகக் கொள்ளவேண்டும் என்பது இன்றைய மருத்துவரின் பொதுக்கருத்தாகும்.

(ஆ) தசையூசி. நான்கு மணிக்கொருமுறை, தேவையெனின், தசையில் மோர்பீன் அல்லது பெதிடீன் என மருத்துவர் எழுதிவைப்பதும், நோயாளி கேட்டபின் தாதி ஊசி ஏற்றுவதும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் நிலவிய முறையாகும். இம்முறையின் குறை 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வால் நன்கு புலப்பட்டது. தசையூசியாகப் பெதிடீன் பெற்ற நோயாளரின் குருதியை அளந்தபோது, ஒவ்வொரு நான்கு மணி இடைவெளியிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி நேரமே மருந்து பயனளிக்கும் செறிவில் இருந்தது தெரியவந்தது. எஞ்சிய நேரத்தில் நோயாளி ஒன்றில் வலியில் இருந்தார், அன்றேல் வலி வருமென்று காத்திருந்தார். குளிரில் விறைத்த, மெலிந்த, இரத்தச்சோகையுள்ள உடலில் தசையிலிருந்து மருந்து உறிஞ்சப்படுதல் மேலும் ஒழுங்கற்றதாகும். பெதிடீனுக்குத் தனிக்குறை ஒன்றுண்டு: அதன் சிதைவுப்பொருள் உடலிற் சேர்ந்து வலிப்பை உண்டாக்கக்கூடும். பல நாடுகளில் அதன் பயன்பாடு சுருங்கியதற்கு இதுவே காரணமாகும்.

தசையூசியின் சமூக அமைப்பையும் நோக்குதல் வேண்டும். வலி எழுகின்றது, நோயாளி அழைக்கின்றார், தாதி வருகின்றார், பூட்டிய அலுமாரியின் திறப்புத் தேடப்படுகின்றது, பதிவேட்டில் இருவர் ஒப்பமிடுகின்றனர், ஊசி ஏற்றப்படுகின்றது, மருந்து வேலைசெய்ய மேலும் கால்மணி செல்கின்றது. இச்சங்கிலியின் முதற்கண்ணி அழைப்பு. அழைக்கக் கூசுபவருக்குச் சங்கிலி தொடங்குவதேயில்லை.

(இ) நாளவழி. நாளத்திற் சிறிது சிறிதாக மோர்பீன் செலுத்தினால் சில நிமிடங்களிற் பயன் தொடங்கும். சத்திரசிகிச்சை முடிந்து விழித்தெழும் அறையில், மருத்துவரோ பயிற்சிபெற்ற தாதியோ அருகிருக்க, வலி அடங்கும்வரை சிற்றளவுகளாகக் கொடுப்பது மிகப் பொருத்தமானது. பொதுவிடுதியில் தொடர்ந்து சொட்டவிடுதல் வேறு விடயம். நோயாளி உறங்கினாலும் சொட்டு நில்லாதாதலின் சுவாசம் தளரும் ஆபத்து மிகும்.

(ஈ) நோயாளியே இயக்கும் முறை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர் பிலிப் செக்சர் முதலியோர், நோயாளி வேண்டும்போது சிற்றளவு மருந்தை நாளத்திற் செலுத்தும் முறையை ஆராய்ந்தனர். 1976இல் வேல்சு நாட்டின் கார்டிஃப் நகரிலிருந்து இதற்கென ஓர் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. நோயாளி ஒரு பொத்தானை அழுத்தினால், வழக்கமாக ஒரு மில்லிகிராம் மோர்பீன் உட்செல்லும். அடுத்த ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு, எத்தனை முறை அழுத்தினும், மருந்து வாராது. உறக்கம் மிகுந்தால் விரல் தானே ஓய்ந்துவிடும். இதுவே இம்முறையின் உட்காப்பாகும். உறவினர் இரக்கத்தால் பொத்தானை அழுத்தினால் அக்காப்பு உடைந்துவிடும்.

2015இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு 49 சோதனைகளை ஒருங்கே நோக்கி, இம்முறை வழமையான முறையைவிட ஓரளவு மேலான வலித்தணிவையும் கூடிய மனநிறைவையும் தருவதாகக் கண்டது. நோயாளர் சற்றுக் கூடுதலாக மருந்தைப் பயன்படுத்தினர். அரிப்பும் கூடுதலாக இருந்தது. வலித்தணிவின் வேறுபாடு பெரிதன்று. எனின் நோயாளர் இதனை ஏன் விரும்புகின்றனர்? ஆளுகை தம் கையில் இருப்பதனால் என்பதே எமது விளக்கம். பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கெனத் தேர்ந்தெடுத்த சபையொன்றை அமைத்தனர்; தோட்ட நிருவாகம் அதனோடு கலந்துபேச இணங்கியது. கூலியளவைப் போலவே தீர்மானிக்கும் உரிமையும் போராட்டப் பொருளாகும் என்பதற்கு ஊவாவின் வரலாற்றிலேயே சான்றுண்டு. விடுதிக் கட்டிலிலும் அவ்வுண்மை செல்லும்.

ஆயினும், இயந்திரத்தைப் போற்றுவதோடு நின்றுவிடல் தகாது. அது விலையுயர்ந்தது, பழுதுபார்ப்பு வேண்டுவது, விரல்மூட்டு வாதத்தால் வளைந்த கைக்குப் பொத்தான் கடினமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்திரசிகிச்சைக்கு முன்னரே நோயாளிக்கு விளங்கும் மொழியில் விளக்கம் வேண்டுவது. விளக்கமின்றிக் கையிற் கொடுக்கப்பட்ட பொத்தான் வெறும் பிளாத்திக்குத் துண்டேயாகும்.

(உ) முண்ணாண்வழி. 1979இல், மிகச் சிறிதளவு மோர்பீனை முண்ணாணைச் சூழ்ந்த பாய்மத்தினுள்ளோ, அதன் உறைக்கு வெளியேயோ செலுத்தினால் நீண்டநேரம் வலி தணியும் என்பது மனிதரில் உறுதியாயிற்று. உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் முறையை, இடுப்பு, முழங்கால் மாற்றீட்டின் பின்னர் ஏனைய முறைகளோடு ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டுக் கொக்ரேன் ஆய்வு, முதல் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அது மேலானதெனக் கண்டது. பின்னர் அம்மேன்மை குறைந்தது. சிறுநீர்த்தடை, அரிப்பு, குருதியமுக்க வீழ்ச்சி ஆகியன கூடுதலாக இருந்தன. மந்தநிலை குறைவாக இருந்தது.

முழங்காற் சத்திரசிகிச்சைகள் பல, முதுகில் ஊசியேற்றி இடுப்பின் கீழ் விறைக்கச்செய்தே நடத்தப்படுகின்றன. அதே ஊசியில் 100 முதல் 150 மைக்குரோகிராம் வரையான மோர்பீனைச் சேர்த்தால், 18 முதல் 24 மணி நேரம் வரை வலி தணிந்திருக்கும். இயந்திரமும் குழாயும் வேண்டா. செலவு மிகச் சொற்பம். வசதி குறைந்த வைத்தியசாலைக்கு இது வரப்பிரசாதமாகத் தோன்றும். இதற்கும் ஒரு விலையுண்டு: பல மணி நேரம் கழித்தும் சுவாசம் தளரக்கூடுமாதலின், இரவு முழுவதும் நோயாளியை மணிக்கொருமுறை எழுப்பிப் பார்க்கும் கண்கள் வேண்டும். இயந்திரத்திற் சேமித்த செலவைத் தாதியரின் விழிப்பில் ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

(ஊ) தோலொட்டு. பென்ரனில் அடங்கிய ஒட்டு நாட்பட்ட புற்றுநோய் வலிக்கு உரியது. பயன் தொடங்கப் பன்னிரண்டு மணிக்கு மேலாகும். அகற்றியபின்னும் மருந்து உடலில் நிற்கும். சத்திரசிகிச்சையின் உடனடி வலிக்கு அது பொருந்தாது.

இவற்றோடு, அபினிவகை மருந்தின் தேவையைக் குறைக்கும் துணைகளையும் குறிப்பிடல் வேண்டும். ஆறு மணிக்கொருமுறை ஒழுங்காகக் கொடுக்கப்படும் பரசிற்றமோல் அவற்றுள் எளியது. தொடை நரம்பை விறைக்கச்செய்யும் ஊசி, மோர்பீன் பொத்தானை மட்டும் பயன்படுத்துவதிலும் மேலானது என 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வொன்று காட்டியது. அது தொடைத்தசையைத் தளர்த்தி விழச்செய்யக்கூடுமாதலின், தொடையின் நடுப்பகுதியிற் கீழிறங்கி ஏற்றும் ஊசி இன்று விரும்பப்படுகின்றது. டைக்குளோபினக் போன்ற அழற்சித்தணிப்பிகள் பயனுடையவை. ஆயின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பகுதி, காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. அங்கிருந்து வரும் விவசாயிக்கு அழற்சித்தணிப்பி ஆபத்தானது. மோர்பீனின் சிதைவுப்பொருளும் அவருடலிற் சேர்ந்துவிடும். ஒரே மாகாணத்துள் மலையுச்சித் தொழிலாளிக்கும் சமவெளி உழவனுக்கும் ஒரே மருந்துச்சீட்டு ஒவ்வாது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

அளவைப் பற்றியும் ஒருவார்த்தை. தேவையான மோர்பீன் உடல்நிறையிலும் வயதையே கூடுதலாகச் சார்ந்துள்ளது என 1996இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. ஆயினும் ஒரே வயதினரிடையேயும் தேவை பன்மடங்கு வேறுபடும். எனவே எவ்வழியாயினும் கொடுத்து, கேட்டு, மீண்டும் கொடுத்தல் என்னும் ஒழுங்கே அடிப்படையாகும். சுவாசம் தளருமுன் மந்தநிலை தோன்றும். அதனைக் கவனித்தால் ஆபத்தைத் தடுக்கலாம். நலொக்சோன் என்னும் மாற்றுமருந்தும் உண்டு.

4. அச்சமும் பற்றாக்குறையும்

அபினிவகை மருந்தைப் பற்றிய அச்சம் இரு முனைகளிலிருந்து வருகின்றது: நோயாளி பழக்கத்துக்கு அடிமையாவார் என்பது ஒன்று, சட்டம் தம்மைத் தண்டிக்கும் என்பது மற்றொன்று. இலங்கையில் நஞ்சுகள், அபினி, அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கமாகும். 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம் கடத்தலுக்கு மரணதண்டனைவரை இடமளித்தது. கடத்தற்காரனுக்கென இயற்றப்பட்ட சட்டத்தின் நிழல் வைத்தியசாலை அலுமாரியின் மீதும் விழுதல் இயல்பே. சட்டபூர்வமாக அபினி பயிரிடும் இந்தியாவிலும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் நோயாளருக்கு மோர்பீன் கிடைத்தல் அரிதாயிற்று. கேரளத்து நோய்தணிப்பு மருத்துவர் முதலியோரின் நெடுமுயற்சிக்குப் பின் 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது.

உலகளவில் நிலைமை எவ்வாறுள்ளது? 2017இல் லான்செட் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டொன்றில் உலகிற் பங்கிடப்பட்ட அபினிவகை மருந்து, மோர்பீன் கணக்கில் 298.5 தொன், அதில் வறிய நாடுகளைச் சென்றடைந்தது 0.1 தொன். அதேகாலத்தில் அமெரிக்காவில், 1996இல் சந்தைக்கு வந்த ஒக்சிகொன்ரின் போன்ற மருந்துகளை மிதமிஞ்சி விற்றதனால் பெருந்தொகையானோர் மாண்டனர். ஒருபுறம் மிகையால் மரணம், மறுபுறம் இன்மையால் வேதனை. இவ்விரண்டும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், மருந்து இலாபத்தை நோக்கிப் பாயும் பண்டமாக இருக்கும்வரை ஒன்றோடொன்று பிணைந்தே தோன்றுவன. சத்திரசிகிச்சையின் பின்னர் சில நாட்கள், அளந்து, நிறுத்தும் நாளையும் குறித்து மோர்பீன் கொடுப்பதற்கும், மாதக்கணக்கில் மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் ஊவாவின் பிபிலைக் குடும்பத்தைச் சேர்ந்த பேராசிரியர் சேனக்க பிபிலையை நினைவுகூராதிருத்தல் இயலாது. மருந்தியலாளரும் இடதுசாரியுமான அவர், பொதுவுடைமைக் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து தயாரித்த அறிக்கையை அடுத்து, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் கொள்வனவு செய்தல், தேவையானவற்றை மட்டும் இறக்குமதி செய்தல் என்பன அவரது கொள்கையின் அச்சாணிகள். 1977இல் அவர் கயானாவில் மறைந்தார். காப்புரிமைக் காலம் என்றோ கடந்த, பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கக்கூடிய மோர்பீன் அவரது கொள்கைக்கு மிகப் பொருத்தமான உதாரணம். 1951 முதல் கட்டணமின்றி இயங்கும் எமது அரச வைத்தியசாலைகளே தோட்டத் தொழிலாளியின் புகலிடம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அவ்வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, பணமுள்ளவர் வெளியில் வாங்கினர், ஏனையோர் பொறுத்துக்கொண்டனர். பொறுமை என்பது இங்கு பண்பாட்டின் பெயரில் வழங்கும் வறுமையாகும்.

தோட்டத்தின் மருத்துவ வரலாறும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 1872 முதல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டங்கள், அவற்றுள்ளும் 1912ஆம் ஆண்டினது, தொழிலாளிக்கு மருத்துவ வசதியளிக்கும் பொறுப்பைத் தோட்ட முதலாளியோடு பிணைத்தன. தோட்டத்து டிஸ்பென்சரியின் நோக்கம் தொழிலாளியை விரைவில் மலைக்குத் திருப்பியனுப்புவதாக இருந்தது. வலி என்று வந்தவர் வேலைக்கு ஒளிப்பவராகச் சந்தேகிக்கப்பட்டார். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தலைமுறைகளாகப் பதிந்த அச்சந்தேகத்தின் சுவடு, வலியைச் சொல்லத் தயங்கும் நாவில் இன்றும் உள்ளது.

5. வலியின் மொழி

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இளிவரல் பிறக்கும் நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கனைக் கூறுகின்றார். பிறர்முன் தாழ்வுணரும் நிலையே இளிவரல். சத்திரசிகிச்சை விடுதியிற் கிடக்கும் முதிய தோட்டத் தொழிலாளியிடம் இந்நான்கும் ஒருங்கே உள்ளன. வலியை அழுது சொல்லாது ஒடுங்கிக் கிடப்பவரை 'வலி குறைவு' எனப் பதிவது பிழையென்பதனை இப்பழைய இலக்கணமே உணர்த்தும்.

வலியை அளக்க மருத்துவர் இன்று பெரிதும் கையாள்வது பூச்சியம் முதல் பத்துவரையான எண்வரிசை. 1975இல் கனடிய உளவியலாளர் மெல்சாக், 78 சொற்களை இருபது தொகுதிகளாக வகுத்து வலியின் தன்மையை அறியும் வினாக்கொத்தொன்றை அமைத்தார். ஆங்கிலத்திற்கு அவர் செய்த அப்பணிக்கு மலையகத் தமிழிற் பொருள் நிரம்ப உண்டு. 'கடுக்குது', 'குடையுது', 'உளையுது', 'சுருக்குன்னு குத்துது', 'விண்விண்ணு தெறிக்குது', 'இழுத்துப் புடிக்குது', 'எரியுது', 'மதமதன்னு இருக்கு' என்பன ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கும் சொற்களல்ல. தெறிப்பது வீங்கிய காயத்தின் வலியாகலாம். எரிவதும் மதமதப்பதும் நரம்பைச் சார்ந்தவையாகலாம். கெண்டைக்காற்சதையில் 'இழுத்துப் புடிக்குது' என்றால் குருதியுறைவை ஐயுறவேண்டும். இவையனைத்தும் சிங்களத்தில் 'ரிதெனவா' என்னும் ஒரே சொல்லாகப் பெயர்க்கப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலப் பதிவேட்டில் ஓர் எண்ணாகச் சுருங்கும்போது, மருந்தைத் தீர்மானிக்கவேண்டிய செய்தியே உதிர்ந்துபோகின்றது.

இது தாதியரைக் குறைகூறும் கருத்தன்று. மிகுந்த நோயாளரைக் குறைந்த எண்ணிக்கையிற் பராமரிக்கும் அவர்களும் உழைப்பாளரே. மொழி கற்பிக்கப்படாமை அவர்தம் குற்றமன்று, அரசின் குறையாகும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டப்புத்தகத்தில் ஏறிய மொழி கட்டிலருகே இறங்கவேண்டும்.

பெண்ணின் வலி மேலும் மறைந்து கிடக்கின்றது. ஊவாகட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் முதலிய மலையக எழுத்தாளர், தோட்ட வாழ்வின் அன்றாட நோவுகளைப் புனைகதைப் பொருளாக்கினர். அவ்வெழுத்துக்களை வர்க்க வரலாற்றின் ஆவணங்களாகப் பயிலும் நாம், அவற்றை வலியின் சொல்லகராதிகளாகவும் பயிலுதல் வேண்டும்.

6. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நோயாளி கேட்டபின் நான்கு மணிக்கொருமுறை ஏற்றப்படும் தசையூசி, எளிதெனத் தோன்றினும், பேசத் தயங்குவோர்க்கு மிகக் கொடியது. அதனைத் தொடர நேரின், கேளாமலே உரிய நேரத்தில் வலியையும் மந்தநிலையையும் பார்த்துக் கொடுக்கும் ஒழுங்கேனும் வேண்டும். இரண்டாவது, வசதி குறைந்த மாகாணத்திற்கு விலையுயர்ந்த இயந்திரம் இன்றியமையாததன்று. முதுகூசியில் சிற்றளவு மோர்பீன் அல்லது நரம்பை விறைக்கச்செய்யும் ஊசி, ஒழுங்கான பரசிற்றமோல், உண்ணத் தொடங்கியபின் தேவைக்கு வாய்வழி மோர்பீன் என்னும் சேர்க்கை மலிவானது. ஆய்வுகளின் போக்கிற்கும் ஒத்தது. மூன்றாவது, இச்சேர்க்கையின் உயிர்நாடி மனித உழைப்பு. இரவிற் கண்காணிக்கப் போதிய தாதியர் இல்லாத விடுதியில் எந்த முறையும் பாதுகாப்பானதன்று. நான்காவது, வீடுசெல்லும்போது சில நாட்களுக்கான மருந்தும், நிறுத்தும் நாளும், மலச்சிக்கலுக்கான மருந்தும், எஞ்சிய மாத்திரையைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் தமிழில் எழுதிக் கொடுக்கப்படல் வேண்டும். வாசிக்க இயலாதவருக்கு உடன்வந்தவர் முன்னிலையில் வாய்மொழியாகவும் சொல்லப்படல் வேண்டும்.

ஐந்தாவது முடிவு எம்மைப் போன்றோரை நேரே சார்ந்தது. மலையகத் தமிழில் வழங்கும் வலிச்சொற்களைத் தோட்டந்தோறும் சென்று திரட்டி, மருத்துவபீட மாணவருடன் அமர்ந்து அவற்றின் பொருளை வரையறுத்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஒரு சிற்றட்டையாக ஆக்குதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆற்றலுக்கு உட்பட்ட பணியே. 'அம்மா, வலி கொறஞ்சிருக்கா? பாதியா, முக்காலா? காலை மடக்கினா எப்படி இருக்கு?' என்னும் மூன்று வினாக்களைச் சிங்களத் தாதியொருவர் கேட்கக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். மறுமொழியை விளங்கிக்கொள்ள அந்தச் சிற்றட்டை துணைசெய்யும். சங்கநூல்களுக்குச் சொல்லடைவு தொகுத்த மரபு எம்முடையது. அம்மரபின் உழைப்பு கொழுந்துமலையிலிருந்து கட்டிலுக்கு வந்தவரின் சொல்லுக்கும் உரியதாகும்.